ஷாஃப்ட் ஏன் உடைகிறது, எஸ்.எஸ். ஏன் பழுப்பேறுகிறது: வள்ளியூர் தம்பிக்கு ஒரு பதில்

வள்ளியூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, உவரியில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்கு 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் செய்து கொடுத்தேன். எட்டே மாதத்தில் பழுப்பேறிவிட்டது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் வழுக்கி இறங்கும் தகட்டுச் சரிவு, அதாவது ஷூட் போட்டேன், ஒரு வருஷத்தில் ஓட்டை. அதே மில்லில் உமி ஊதும் புளோயருக்கு ஈ.என். 8 ரக ஸ்டீலில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கடைந்து கொடுத்தேன், ஏழாம் நாள் உடைந்தது. விலை கூடின ஈ.என். 24 வாங்கிப் போட்டேன், பதினோரு நாள்தான் ஓடியது. பத்து வருஷம் உழைக்கிற மாதிரி எந்த மெட்டீரியல் வாங்கலாம்?"

நல்ல கேள்வி தம்பி. ஆனால் கடைக்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டீர்கள். ஒரு சாமான் நீடித்து நிற்பதை நம் ஊரில் 'உழைக்கும்' என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் உழைக்கிறது, எதோடு உரசி உழைக்கிறது, எத்தனை கோடித் தடவை உழைக்கிறது என்று தெரியாமல் எந்த இரும்பு நல்ல இரும்பு என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் ஸ்டாண்டைக் கெடுத்தது உப்பு. ஷூட்டைத் தின்றது உரசல். ஷாஃப்ட் உடைந்தது அயர்ச்சியால், திரும்பத் திரும்ப வளைந்து களைத்ததால். மூன்றும் வேறு வேறு. முப்பது வருஷம் சிமென்ட் ஆலையிலும் காற்றாலையிலும் பராமரிப்பு பார்த்த பழக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஷாஃப்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் உவரி ஸ்டாண்ட். 304 எஸ்.எஸ். என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். காற்று பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமிய ஆக்சைடு தோல் உண்டாகிறது. கீறினாலும் தானாகவே மூடிக்கொள்ளும். இந்தத் தோலுக்கு ஒரே பெரிய எதிரி உப்பில் இருக்கும் குளோரைடு. அது தோல் முழுவதையும் உரிப்பதில்லை, அங்கங்கே ஊசி குத்தினமாதிரி துளை போடும். துளைக்குள் தங்கும் தண்ணீர் அமிலமாக மாறி மேலும் ஆழமாகத் தோண்டும். வெளியே டீ சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்பு தெரியும்.

ஐப்பசி கார்த்திகையில் அடுக்களையில் உப்பு ஜாடி கசியுமே, அதேதான் அங்கேயும் நடக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடலோரத்தில் பல இரவுகள் அப்படித்தான். பகலில் கொண்டல் காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்பு, இரவில் நனைந்து இரும்பின் மேல் உப்புத் தண்ணீராக நிற்கும். மழை அடித்துக் கழுவும் இடம் தப்பித்துக்கொள்ளும், மழை படாத இடம்தான் கெடும். அடுத்த தடவை போகும்போது குனிந்து பாருங்கள். பைப்பின் மேல்பக்கத்தைவிடத் தொட்டிக்கு அடியில் மறைந்த பக்கம்தான் அதிகமாகப் பழுப்பேறியிருக்கும்.

அப்புறம் வெல்டிங் ஓரத்தைப் பாருங்கள். பழுப்பு அங்கே ஒரு கோடாக ஓடினால் அதில் உங்கள் பட்டறையின் பங்கும் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் நீலமும் மஞ்சளுமாக ஒரு நிறம் ஏறுமே, அந்த இடத்துத் தோல் பலமில்லாதது. அதைப் பிக்லிங் பேஸ்ட் போட்டு எடுத்துவிட வேண்டும். (அதில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் இருக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பையன்களைத் தொட விடாதீர்கள்.) இன்னொன்று, எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) வேலைக்குப் பிடித்த அதே கிரைண்டிங் வீலையும் அதே வயர் பிரஷ்ஷையும் எஸ்.எஸ். மேல் ஓட்டினால் எம்.எஸ். துகள் பதிந்து, அதுவே முதலில் துருப்பிடிக்கும். எஸ்.எஸ்ஸுக்குத் தனி வீல், தனி பிரஷ், முடிந்தால் தனி மூலை. வெல்டிங் ஆகும் சாமானுக்கு 304-ஐவிட 304 எல் வாங்குவது நல்லது. சாதா 304-இல் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம், எல் வகையில் 0.03-தான். கார்பன் கூடினால் வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். காக்க வேண்டிய குரோமியம் அந்த ஓரத்தில் குறைந்துபோகும்.

316 போட்டிருக்கலாமா என்று கேட்பீர்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, துளை விழுவதை அது தடுக்கும். ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது: குரோமியச் சதவீதத்தோடு மாலிப்டினச் சதவீதத்தின் 3.3 மடங்கையும் நைட்ரஜனின் 16 மடங்கையும் கூட்டுவார்கள். 304-க்கு 18, 19 வரும். 316-க்கு 24, 25. டூப்ளெக்ஸ் 2205 என்ற உயர்ரக எஸ்.எஸ்ஸுக்கு 35. எண் கூடக் கூட உப்பைத் தாங்கும். கடலோரத்தில் வெளியில் நிற்கும் எஸ்.எஸ்ஸுக்கு 316-தான் ஆரம்பம். அதுவும் பாலிஷ் போட்டதாக இருக்க வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்பில் உப்பு தங்கும், வழவழப்பில் வழிந்துவிடும்.

கடையில் 202-ஐ 304 என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று நம்பிவிடாதீர்கள். 202-லும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்தது அது. டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள், அதில் உள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) பைப்பின் மேல் அச்சடித்ததோடு பொருந்துகிறதா பாருங்கள். மாலிப்டினம் இருக்கிறதா என்று சொட்டு விட்டுப் பார்க்கும் மருந்தும் கிடைக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், தொட்டி ஸ்டாண்டுக்கு எஸ்.எஸ்ஸே வேண்டாம். எம்.எஸ்ஸில் செய்து, சூட்டுத் துத்தநாகத் தொட்டியில் முக்கிக் கால்வனைஸ் பண்ணுங்கள். 450 டிகிரிச் சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முழுச் சாமானையும் முக்கி எடுப்பதைச் சொல்கிறேன். பிரஷ்ஷால் பூசும் வெள்ளி பெயின்ட்டைக் கால்வனைஸ் என்று சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது வேறு. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள இரும்பில் சராசரியாக 85 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) துத்தநாகம் ஏறும். உலகத் தர அளவுகளின்படி, கடும் கடலோரக் காற்றில் துத்தநாகம் வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் தேயும். வகுத்துப் பாருங்கள், பத்திலிருந்து இருபது வருஷம். கடலை விட்டுத் தள்ளி, காற்று மிதமாக இருக்கும் ஊரில் தேய்மானம் ஒன்று, இரண்டு மைக்ரான்தான். அங்கே அதே பூச்சு நாற்பது வருஷம் நிற்கும். உவரிக்கு அதன் மேல் ஒரு நல்ல பெயின்ட்டும் அடித்தால் உங்கள் பத்து வருஷக் கணக்கு தாராளமாகத் தேறும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. பைப்பின் இரண்டு முனையையும் மூடி வெல்ட் அடித்துவிட்டு அப்படியே துத்தநாகத் தொட்டிக்கு அனுப்பக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் அந்தச் சூட்டில் வெடிக்கும், ஆள் சாகும். காற்றுப் போக, துத்தநாகம் வடிய, முனைகளில் துளை விட்டே அனுப்புங்கள். அடுத்தது, எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகுதான் கால்வனைஸ். அதற்கு மேல் ஒரு கிளிப் ஒட்டவேண்டும் என்று வெல்டிங் ராடைப் பிடித்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்து புகையாகப் போய்விடும்.

ஐஸ் ஃபேக்டரி என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அமோனியா ஓடுகிறது என்றால் அந்த லைனில் பித்தளை வால்வோ பித்தளை நிப்பிளோ போடாதீர்கள். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் பட்டாளத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்தின் அமோனியாவும், பித்தளையை இழுத்து வடித்தபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் அதைப் பிளந்தன என்று 1921-இல் கண்டுபிடித்தார்கள். பார்வைக்குப் பளபளவென்றிருக்கும் பித்தளை திடீரென்று பிளக்கும். அங்கே இரும்புதான் சரி.

உப்பு இருக்கும் இடத்தில் உலோகமே வேண்டாத வேலைகளும் உண்டு. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருவதற்குக் காலங்காலமாக மரப்பலகைதான். உப்புக்கு மரத்தை அரிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுப் பழைய ஓட்டுக் கூரையில் பனங்கை இன்னும் நிற்கிறது, வைரம் பாய்ந்த வெளிப்பக்கத்தில் லேசில் ஆணி இறங்காது. ஆனால் அதே கூரையில் அடித்த இரும்பு ஆணிகள் எல்லாம் போய்விட்டன. இன்றைக்கு மரத்துக்குப் பதில் எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் போடலாம், கறுப்பு நிறமாகப் பார்த்து வாங்குங்கள். அதில் கலந்திருக்கும் இரண்டு, இரண்டரை சதவீதக் கரித்தூள்தான் நம் ஊர் வெயிலிலிருந்து பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுகிறது.

சரி, ஷூட். சின்ன வயதில் உமிக்கரியால் பல் விளக்கியிருக்கிறீர்களா? அது ஏன் பல்லைத் தேய்க்கிறது என்று யோசித்தால் உங்கள் ஷூட் ஏன் ஓட்டையானது என்பதும் தெரியும். உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிலிக்கா. மணலும் அதே சிலிக்காதான். நெல் மணி ஒவ்வொன்றும் மெல்லிய உப்புத்தாள் உடுத்திக்கொண்டு வருகிறது. எம்.எஸ். தகடு அதற்கு முன்னால் வெண்ணெய்.

இங்கே நான் ஒரு காலத்தில் செய்த தவற்றைச் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மணல் கலந்த சரக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு ஷூட்டுக்கு மாங்கனீஸ் ஸ்டீல் லைனர் (உள்பக்கத் தகடு) போடச் சொன்னேன். கல் உடைக்கும் கிரஷரின் தாடையில் போடுவது அதைத்தான், கருங்கல்லையே தாங்குகிறதே என்ற நினைப்பு. நாலு மாதத்தில் தேய்ந்துவிட்டது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்த அந்த ஸ்டீல், 11 முதல் 14 சதவீதம் மாங்கனீஸ் கொண்டது, பிறக்கும்போது மென்மையானது. கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் 200 அளவுதான். அடி வாங்க வாங்க மேற்தோல் 500 வரை இறுகும். கிரஷரில் கல் அடிக்கிறது, அதனால் இறுகுகிறது. ஷூட்டில் மணல் வழுக்கிக்கொண்டு மட்டும் போகிறது, அடி இல்லை, இறுக்கமும் இல்லை. சாதா இரும்பைவிடக் கொஞ்சம்தான் மேல்.

நெல் எந்தக் கோணத்தில் தகட்டைத் தொடுகிறது என்பதை முதலில் பாருங்கள். சாய்வாக வழுக்கினால் கடினமான தகடு வேண்டும்: 400 பிரினெல் தேய்மானத் தகடு, அல்லது செராமிக் ஓடு. எலிவேட்டர் வாயிலிருந்து நேர் செங்குத்தாக வந்து விழும் இடம் என்றால் ரப்பர் ஷீட். ரப்பர் அமுங்கிக் கொடுத்து மணியைத் திருப்பி அனுப்பிவிடும், கடினமான செராமிக் அங்கே விரிசல் விடும். உங்கள் ஷூட்டில் ஓட்டை விழுந்தது வளைவில்தானே? அப்படியானால் காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வளைவில் தகட்டை அப்படியே திருப்பாமல், ஒரு படி மாதிரி பள்ளம் விட்டு, அதில் நெல்லே தேங்கி நிற்கும்படி செய்யுங்கள். வருகிற நெல் தேங்கிய நெல்லின் மேல் விழும். தேய்வது நெல்லின் மேல் நெல்தான். கிரஷர்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். நெல் கிடந்து புழு வைக்காமல் இருக்க, சீசன் முடிந்ததும் பள்ளத்தைக் கூட்டித் துடைக்க ஒரு சிறு கதவு வைத்துவிடுங்கள்.

இப்போது ஷாஃப்ட். உடைந்த துண்டு இரண்டும் இருக்கிறதா, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதா? இருந்தால் உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வயர் பிரஷ் போடாதீர்கள், இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதீர்கள், முகம் நசுங்கிவிடும். நான் இங்கிருந்தே சொல்கிறேன், அது இப்படி இருக்கும்: ஓரத்தில் ஒரு இடம், பெரும்பாலும் பேரிங் உட்காரும் ஸ்டெப்பின், அதாவது தண்டின் தடிமன் மாறும் படியின், மூலை. அங்கிருந்து வழவழப்பான ஒரு பரப்பு உள்ளே போகும். அதில் சிப்பியின் முதுகில் ஓடுகிற மாதிரி வளைவு வளைவாக வரிகள் இருக்கும். மறு ஓரத்தில் கற்கண்டு உடைத்த மாதிரி சொரசொரப்பான ஒரு பகுதி. வழவழப்பானது மெல்ல மெல்ல விரிந்த விரிசல், சொரசொரப்பானது கடைசி நொடியில் பட்டென்று உடைந்தது. சொரசொரப்புப் பகுதி சின்னதாக இருந்தால் சுமை குறைவு என்று அர்த்தம். மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச இரும்பே கடைசி வரை தாங்கியிருக்கிறது. அப்படி என்றால் இரும்பின் பலம் போதாமல் உடையவில்லை.

கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதுதான் நடந்திருக்கிறது. பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கிறது, ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. வளைந்தபடியே சுற்றுவதால், இழுபடும் பக்கம் அரைச் சுற்றில் அமுங்கும் பக்கமாகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மடக்கு. ஷாஃப்ட் 1440 ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு 1440 சுற்று என்றால் மணிக்கு 86,400 மடக்கு. நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 8,64,000. ஏழு நாளில் அறுபது லட்சம், பதினோரு நாளில் தொண்ணூற்றைந்து லட்சம்.

1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு உடைந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பின் வந்த வருஷங்களில் ஆகுஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே எஞ்சினியர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி உடைத்துக் கணக்கெடுத்தார். அவர் கண்டது இன்றைக்கும் நமக்கு உதவுகிறது: இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு. மடக்கும் விசை அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடிச் சுற்று சுற்றினாலும் உடையாது. வரம்புக்கு மேலே என்றால் பெரும்பாலும் ஒரு கோடிச் சுற்றுக்குள் உடைந்துவிடும். அலுமினியத்துக்கு அந்த வரம்பும் கிடையாது. உங்கள் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரு கோடிக்குள் போய்விட்டன, கவனித்தீர்களா?

வழவழப்பான கம்பியில் அந்த வரம்பு, இழுத்து அறுக்கும் பலத்தில் சுமார் பாதி. ஆனால் ஸ்டெப்பின் மூலையைக் கூர்மையாகக் கடைந்தால் விசை அந்த மூலையில் இரண்டு, மூன்று மடங்காகக் குவியும். ஈ.என். 24, ஈ.என். 8-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பலம்தான், ஆனால் பலம் கூடின ஸ்டீல் கூர்மூலைக்கு இன்னும் அதிகமாகப் பயப்படும். அதனால்தான் அவ்வளவு காசு கொடுத்தும் நாலு நாள்தான் கூடக் கிடைத்தது.

ஆகவே மறுபடி ஈ.என். 8-ஏ வாங்குங்கள். லேத் பட்டறையில் பக்கத்தில் நின்று, ஸ்டெப் மூலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ரேடியஸ் போடச் சொல்லுங்கள். 'பேரிங் ஸ்டெப்போடு போய் முட்டாது அண்ணாச்சி' என்று டர்னர் சொல்வார், சரிதான். பேரிங்கின் உள்வளைய ஓரத்து வளைவு சின்னது. அதற்கு ஒரு வளையம் கடைந்து, உள் ஓரத்தைச் செதுக்கி, ஸ்டெப்புக்கும் பேரிங்குக்கும் நடுவில் போட்டால் முடிந்தது. ரேடியஸின் மேல் டூல் கோடு தெரியக் கூடாது, எமரி போட்டு வழவழப்பாக்க வேண்டும். புல்லியைப் பிடிக்கும் சாவி உட்காரும் பள்ளமான கீவேயின் அடி மூலைக்கும் அப்படியே சின்ன ரேடியஸ். புல்லியைப் பேரிங்குக்கு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள். பேரிங்கிலிருந்து புல்லி நாலு அங்குலம் தள்ளி இருப்பதை இரண்டு அங்குலமாக்கினால் வளைக்கும் விசை பாதியாகிவிடும், காசு செலவில்லை. பெல்ட்டை வீணை நரம்பு மாதிரி இறுக்கவும் வேண்டாம். புளோயர் இறக்கையில் உமி அப்பிக்கொண்டு எடை ஒருபக்கமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

துருவும் இதில் கைகோக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் புகுந்த ஒரு மில்லில், நாள்கணக்கில் சேற்றில் கிடந்த ஷாஃப்ட்டை எமரி போட்டுத் துடைத்து மறுபடி ஓட்டினார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து உடைந்தபோது முகத்தைப் பார்த்தேன், சிப்பி வரிகள் எல்லாம் ஒரு கடுகளவுத் துருக்குழியிலிருந்து புறப்பட்டிருந்தன. ஈரமும் உப்பும் பட்டுக்கொண்டே சுற்றும் இரும்புக்கு வோலர் சொன்ன வரம்பு காணாமல் போய்விடும். உங்கள் மில்லிலும் வெள்ளம் பார்த்த ஷாஃப்ட் எதுவும் ஓடிக்கொண்டிருந்தால் மூத்த ஆளிடம் கேட்டு வையுங்கள்.

புது ஷாஃப்ட்டை மாட்டிய தேதியைச் சுவரில் எழுதுங்கள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மில்லை நிறுத்தி, புல்லியையும் பேரிங்கையும் கழற்றி, ஸ்டெப்பைத் துடைத்துச் சிவப்புச் சாயம் அடியுங்கள். டை பெனட்ரன்ட் என்று கேட்டால் ஸ்பிரே டப்பாவாகக் கிடைக்கும். பத்து நிமிஷம் விட்டுச் சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்துவிட்டுக் காத்திருங்கள். முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு வந்தால் விரிசல், ஓட்டாதீர்கள், எனக்கு ஒரு ஃபோட்டோ அனுப்புங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் கோடி தாண்டிவிட்டது, துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுங்கள்.